தங்கிப் போனவர்கள், தங்கியிருப்பவர்கள்

தறிக்குழியை மூடிவிடலாம் என்று அம்மா போனில் சொன்னபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "பாரம்பரியம்". இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பெங்களூரில் பதினோராவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கூரத்தில் ஒரு வீட்டுக்கூடத்துத் தரையில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சரிப்பா, நீ வந்து அதுல உக்காந்து நெய்யறியா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்தவர். கூரத்தில் மனை வாங்கி ஓட்டு வீடு கட்டியபோது, முதலில் தறிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்துவிட்டு, மிச்சத்தில்தான் மனிதர்களுக்கு இடம் ஒதுக்கினாராம். நீளமான கூடம், அதில் இரண்டு குழித்தறி. சமையல்கட்டில் ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்வார், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். அப்பா மிதிப்பார், பக்கத்தில் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சில நாள் நான். மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஊறும். தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை எங்களுக்குக் கடன் மாதங்கள்.

நான் பொறியியல் படித்த பணம் அந்தக் குழியிலிருந்துதான் வந்தது. அப்பாவின் முட்டிவலியும் அங்கிருந்துதான் வந்தது. அவர் போன பிறகு தறி சும்மா கிடந்தது. சட்டங்களையும் ஜக்கார்டு பெட்டியையும் ஒருவர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். குழி மட்டும் மிச்சம். பலகை போட்டு மூடி, அதன்மேல் அரிசி மூட்டை வைத்திருந்தாள் அம்மா. கூடத்தைத் தடுத்து மூன்று அறையாக்கி, பின்னால் ஒரு குளியலறை கட்டினால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவள் திட்டம். கம்பெனி பஸ் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. தெருவில் ஏற்கெனவே இரண்டு வீடு அப்படி மாறிவிட்டது.

நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்று யோசித்தபோதெல்லாம் எனக்கு மும்பையில் பார்த்த ஒரு கட்டடம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

2016-லிருந்து இரண்டு வருடம் மும்பை ஃபோர்ட் பகுதியில் வேலை பார்த்தேன். காலா கோடாவில் மதியம் சாப்பிடப் போகும் வழியில் எஸ்பிளனேட் மேன்ஷன் இருந்தது. ஐந்து மாடி. வெளியே முழுக்க இரும்புத் தூண்களும் கிராதிகளும். அதற்குள் ஈரத்துணி, ஏசி பெட்டி, தகரக் கூரை, வழக்கறிஞர்களின் பெயர்ப்பலகை, சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்று. அதை இடிந்துவிழக் காத்திருக்கும் குடித்தனக் கட்டடம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு காலத்தில் அது வாட்சன் ஹோட்டல் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார்.

ஜான் வாட்சன் என்ற ஆங்கிலேயத் துணி வியாபாரி கட்டியது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டமான கூரையில் பங்குள்ள பொறியாளர். வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலில் வந்து, பம்பாயில் பூட்டப்பட்டன. பெரிய மெக்கானோ பொம்மை மாதிரி. 1871-இல் திறந்தது. நூற்று முப்பது அறைகள், நடுவே கண்ணாடிக் கூரை போட்ட நடனக்கூடம். 1896 ஜனவரியில் மார்க் ட்வைன் அங்கே தங்கி, பால்கனிக்கு வரும் காக்கைகளைப் பற்றி எழுதினார். அதே வருடம் ஜூலை 7 அன்று லூமியே சகோதரர்களின் படங்கள் அங்கே திரையிடப்பட்டன. இந்தியாவின் முதல் சினிமாக் காட்சி அதுதான். ஹோட்டல் வெள்ளையர்களுக்கானது. ஜம்ஷெட்ஜி டாடாவை உள்ளே விடாததால்தான் அவர் தாஜ் கட்டினார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள், வரலாற்றாளர்கள் பலர் ஒப்புவதில்லை. தாஜ் 1903-இல் திறந்தது என்பதும், அதற்குப் பிறகு வாட்சன் ஹோட்டல் மங்கிப்போனது என்பதும் உண்மை.

பிறகு நடந்தவைதான் எனக்கு முக்கியமானவை. கட்டடம் கைமாறியது, பெயர் மாறியது. 1960-களில் அறைகள் இன்னும் சிறிதாகத் தடுக்கப்பட்டு, வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் வாடகைக்குப் போயின. சுமார் ஐம்பது குடும்பங்கள், நூறை ஒட்டிய எண்ணிக்கையில் அலுவலகங்கள். நீதிமன்றம் பக்கத்திலேயே இருந்ததால் பெரும்பாலும் வழக்கறிஞர்கள். நடனக்கூடம் குப்பை கொட்டும் முற்றமானது.

சக ஊழியரின் மாமா அங்கே வழக்கறிஞர். ஒருநாள் கூட்டிப்போனார். மரப்படி ஒவ்வொன்றும் ஒரு குரலில் முனகியது. வயர்கள் கொடி மாதிரி தொங்கின. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே மச்சு அடித்து, அதில் வழக்குக் கட்டுகள். நான் தூணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "இங்கதான் சார் சினிமா போட்டாங்க, இதை இப்படி விட்டுட்டாங்களே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, தன் மேசைக்கு மேலே விரித்திருந்த பிளாஸ்டிக் தாளைக் காட்டினார். மழை ஒழுகுவதற்கு. "நீங்க சினிமாவைப் பாக்கறீங்க, நான் இதைப் பாக்கறேன்" என்றார்.

அன்றைக்கு அது எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

இந்தக் கட்டடம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்த்தால், யாரும் சிக்கமாட்டார்கள் என்பதுதான் விஷயம். பம்பாய் வாடகைச் சட்டம் 1947-இல் வந்தது. அதன் பெயரிலேயே ஹோட்டலும் தங்கும் விடுதியும் உண்டு. 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுதான் நிலையான வாடகை. அதற்குப் பிறகு விடப்பட்ட இடமென்றால் முதலில் பேசிய வாடகை. போரும் பிரிவினையும் நகரத்தை மனிதர்களால் நிரப்பிய காலத்தில் ஏழைக் குடித்தனக்காரர்களைத் தெருவில் நிறுத்தாமல் காப்பாற்றிய சட்டம் அது. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் தற்காலிகம் என்று வந்தது நீண்டுகொண்டே போனது. ஐம்பது வருடம் கழித்து, 1997-இல், வாடகையை இப்படி உறைய வைப்பது நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999-இல் வந்த புதிய சட்டம் வருடத்துக்கு நான்கு சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு இருந்த வாடகையில் நான்கு சதவீதம் என்றால் என்ன கிடைக்கும்?

வீட்டுக்காரர் சொல்வார்: வருகிற வாடகையில் ஒரு தூணுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது, நான் ஏன் செலவழிக்கணும்? குடியிருப்பவர் சொல்வார்: என் பெயரில் இல்லாத கட்டடத்துக்கு நான் ஏன் செலவழிக்கணும்? அரசு இது பாரம்பரியக் கட்டடம், இடிக்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. பட்டியலோடு காசு வராது. எங்களைப் போல தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு "அடடா" என்றோம். ஒவ்வொருவரும் தன் இடத்திலிருந்து பார்த்தால் சரி. எல்லோருடைய சரியும் சேர்ந்து 2005 ஜூலை 1 அன்று மேற்குப் பக்கத்துப் பால்கனியாகக் கீழே விழுந்தது. ஒருவர் இறந்தார். அதே வருடம்தான் உலக நினைவுச்சின்ன நிதியம் உலகில் அழியும் நிலையிலுள்ள நூறு இடங்களில் ஒன்றாக அந்தக் கட்டடத்தை அறிவித்தது. 2019-இல் குடியிருந்தவர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஐஐடி பம்பாய் வல்லுநர்கள் இடித்துவிடலாம் என்றார்கள். கட்டடப் பாதுகாப்பாளர்கள், காப்பாற்ற முடியும் என்று வாதாடினார்கள்.

அந்த வாதங்களை நான் ஆர்வமாகப் படித்தேன். நான் காப்பாற்றும் கட்சி. சந்தேகமே இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. காப்பாற்றச் சொல்லும் பத்திகளில் எல்லாம் மார்க் ட்வைன் வருகிறார், லூமியே வருகிறார், ஆர்டிஷ் வருகிறார். ஐம்பது குடும்பங்கள் பெரும்பாலும் "ஆக்கிரமிப்பு", "சிதைவு", "ஒழுங்கற்ற மாற்றங்கள்" என்ற சொற்களாக மட்டும் வருகின்றன. ட்வைன் அங்கே தங்கியது சில நாட்கள். அந்தக் குடும்பங்கள் தங்கியது ஐம்பது வருடம். பிள்ளை பெற்றார்கள், பிணம் தூக்கினார்கள். அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் ஹோட்டலாக இருந்த காலம் ஒரு பாதி என்றால், குடியிருப்பாக இருந்த காலம் கிட்டத்தட்ட இன்னொரு பாதி. அதிலும் முதல் பாதியில், அந்த ஊர்க்காரர்கள் தட்டு ஏந்திக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. கட்டடம் சீரழிந்த பிறகுதான் அவர்களில் ஒருவன் தன் பெயரைப் பலகையில் எழுதிக் கதவில் மாட்டினான். எது சிதைவு?

அதற்காகக் குடியிருந்தவர்களைப் புனிதப்படுத்தவும் முடியவில்லை. அந்த மச்சுகளை வார்ப்பிரும்பில் மாட்டியது அவர்கள்தான். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, வளையாமல் உடையும் என்று நாங்கள் இரண்டாம் வருடம் படித்தோம். உள்வாடகை, உள்ளுக்குள் உள்வாடகை என்று பணம் பார்த்தவர்களும் உண்டு. பால்கனி விழுந்தபோது செத்தவருக்கு ட்வைனும் தெரியாது, வாடகைச் சட்டமும் தெரியாது.

நியூயார்க்கில் இதன் எதிர்த்திசையில் ஒரு கதை இருக்கிறது. செல்சி ஹோட்டல் 1880-களில் கூட்டுறவுக் குடியிருப்பாகத் தொடங்கி, 1905-இல் ஹோட்டலானது. ஆனாலும் அதில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தவர்கள் எப்போதும் உண்டு, கலைஞர்கள் நிறைய. 2011-இல் புதுப்பிப்பதற்காக மூடினார்கள். பழைய குடித்தனக்காரர்களில் சிலர் போகமாட்டோம் என்று தூசிக்கும் துளையிடும் சத்தத்துக்கும் நடுவே பத்து வருடம் உட்கார்ந்திருந்தார்கள். 2022-இல் திறந்தபோது விலையுயர்ந்த ஹோட்டல், நடுநடுவே அவர்களுடைய வீடுகள். இதில் எனக்குப் பிடித்தது, சட்டம் அவர்களை "கடைசியாகத் தங்கியவர்கள்" என்று பார்க்காமல் "குடியிருப்பவர்கள்" என்று பார்த்ததுதான்.

விருந்தாளிக்கும் குடியிருப்பவனுக்கும் என்ன வித்தியாசம்? எவ்வளவு நாள் தங்குகிறான் என்பதில் இல்லை என்று தோன்றுகிறது. ஹோட்டலில் குழாய் ஒழுகினால் போன் போட்டுச் சொல்வோம். வீட்டில் ஒழுகினால் துணியைச் சுற்றுவோம், வாளி வைப்போம், பிளாஸ்டிக் தாள் விரிப்போம். ஒழுகலோடு வாழ்கிறவன் குடியிருப்பவன். விருந்தாளிக்குக் கட்டடம் ஒரு நினைவு. நினைவு ஒழுகாது.

அப்படிப் பார்த்தால் கூரத்து வீட்டில் நான் யார்? வருடத்துக்கு இரண்டு தடவை, பொங்கலுக்கும் அப்பாவின் திதிக்கும் வருகிறேன். மூன்று நாள் இருக்கிறேன். அரிசி மூட்டையை நகர்த்திப் பலகையைத் தூக்கிக் குழியைப் பார்க்கிறேன், போட்டோ எடுக்கிறேன். ஒருமுறை இன்ஸ்டாகிராமில் போட்டேன், நல்ல வரவேற்பு. தேள் வந்தால் அடிப்பது அம்மா. மழைக்கு ஊறும் தண்ணீரை மொண்டு கொட்டுவது அம்மா. என் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பத்து வருடத்துக்கு முன் எழுதிய கோடைத் தொடாதே, அழகா இருக்கு என்று சொல்பவன் பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அது விழும்போது எழுப்பப்படாதவனாக இருப்பான். அவனை நாங்கள் எங்களுக்குள் என்ன சொல்வோம் என்பதை இங்கே எழுத முடியாது.

இங்கே எங்கள் ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், காரணம் இருக்கிறது. கூரம் செப்பேடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. 1890-இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அச்சானது. அரசனின் போரை வர்ணிக்கும்போது யானைக்கும் குதிரைக்கும் பெயர் சொல்லும் செப்பேடு: யானை அரிவாரணம், குதிரை அதிசயம். சின்ன வயதில் அந்தப் பகுதிதான் பிடிக்கும். இப்போது எனக்குப் பிடிப்பது அதற்குப் பிறகு வரும் வரவுசெலவுப் பகுதி. ஊரில் சிவன் கோயில் கட்டினார்கள். நிலம் வாங்கினார்கள், செங்கல் சுட இடம், ஏரி, கோயிலுக்கு முன்னால் மண்டபம். எல்லாம் முடிந்தபின் வருவாயைப் பங்கு பிரிக்கிறார்கள். பூசைக்கும் கோயிலைப் பழுதுபார்ப்பதற்கும் பங்கு. மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு. அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு.

கட்டும்போதே இது பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கான ஆளையும் சோற்றையும் எழுதிவைத்திருக்கிறார்கள். மண்டபம் என்றால் நாலு தூணும் கூரையும் மட்டுமில்லை, அங்கே தாகத்துக்குத் தண்ணீர் இருக்கணும், குளிருக்கு நெருப்பு இருக்கணும், கேட்க ஒரு கதை இருக்கணும். வாட்சன் ஹோட்டலைப் பட்டியலில் சேர்த்த அரசாணையில் இந்தப் பழுதுபார்க்கும் பங்குதான் இல்லை. நான் "பாரம்பரியம்" என்று சொன்ன வாக்கியத்திலும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் கூரத்துக்கு வந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். யானையின் பின்புறம் போல வளைந்த அந்தக் கோயிலின் பழைய மேற்பகுதி இன்று இல்லை. எழுதிவைத்தால் மட்டும் நிற்பதில்லை. பங்கு கொடுத்த நிலம் கைமாறுகிறது, பழுதுபார்க்க வேண்டியவனின் பேரன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறான். எனக்குத் தெரிந்த கதைதான்.

வேறு ஊருக்குப் போனவர் என்றால் எங்கள் ஊரில் முதலில் கூரத்தாழ்வானைத்தான் சொல்வார்கள். பெரிய செல்வந்தர். அவர் வீட்டில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கும். ராத்திரி கதவை அடைக்கும் சத்தம் காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் வரைக்கும் கேட்டது என்பது கதை. அது என்ன சத்தம் என்று தாயாரே கேட்டாராம். அதைக் கேள்விப்பட்டு, தன் செல்வத்தின் சத்தம் அவ்வளவு தூரம் கேட்கிறதா என்று வெட்கி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டார். சொல்பவர்கள் எல்லோரும் அவருடைய துறவைத்தான் சொல்வார்கள். எனக்கு எப்போதும் வேறு ஒரு சந்தேகம்: அடுத்த நாள் காலையில் சாப்பிட வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஆனால் ஒன்று. விட்டுவிட்டுப் போனவர், அந்தக் கதவை அப்படியே வைத்திருங்கள் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் அனுப்பியதாக எந்தக் கதையிலும் இல்லை.

மும்பைக் கட்டடத்தை என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டால் இன்றைக்கும் காப்பாற்றத்தான் சொல்வேன். ஆனால் யார் பணத்தில், யார் மறுபடி குடியேற, என்று அடுத்த மூச்சிலேயே கேட்பேன். அதைக் கேட்காமல் காப்பாற்று என்பது, ட்வைனின் பால்கனியில் நின்று காக்கைகளை வேடிக்கை பார்ப்பது. அதே தராசில் வைத்தால், எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்கு ஓட்டு இல்லை. வருத்தப்பட உரிமை இருக்கிறது. அதை யாரும் பறிக்கவில்லை.

குழியை மூடினார்கள். நான் போகவில்லை, ரிலீஸ் வேலை இருந்தது. பணம் அனுப்பினேன்.

போன பொங்கலுக்குப் போனேன். மூன்று அறையிலும் ஆள். ஒடிசாப் பையன்கள் ஐந்து பேர். அம்மாவை "மா" என்கிறார்கள். நடு அறையில் டைல்ஸ் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கட்டில் ஆடுகிறது என்று ஒரு பையன் காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்திருந்தான். இறங்கியிருந்த இடத்தின் அளவு எனக்குத் தெரியும். கொத்தனார் மண்ணைக் கொட்டியிருக்கிறார், திமிசு போட்டு இறுக்கவில்லை. மழையில் மண் உட்கார்ந்துவிட்டது.

"கட்டிலை இந்தப் பக்கம் போடச் சொல்லலாம்ல" என்றேன்.

"வாடகை வாங்கறோம்ல. நாளைக்கு இன்னும் எறங்கும்" என்றாள் அம்மா.

கொத்தனாருக்குப் பொங்கல். வரமாட்டார். பக்கத்துத் தெருவில் திமிசு வாங்கி வந்தேன். டைல்ஸை உளியால் நெம்பியபோது இரண்டு உடைந்தது. மண்ணைக் கிளறினால் ஓரத்தில் தாத்தா வைத்த செங்கல் வரிசை அப்படியே இருந்தது. போட்டோ எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசை, ஆனால் எடுத்தேன். இடிக்கத் தொடங்கும்போது அம்மா கையைப் பிடித்தாள். அடுத்த அறையில் ஒரு பையன் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறான். நாலு மணிக்குத்தான் எழுவான்.

நாலு மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். உடைந்த இரண்டு டைல்ஸுக்கு அதே கலர் கிடைக்குமா என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.